ஏழில் ஐந்து

பங்குனி பிறந்துவிட்டால் கோழிப்பண்ணையில் நண்பகலில் ஒருவரும் உரத்துப் பேசுவதில்லை. பதினொரு மணிக்குமேல் தீவனத் தொட்டியை வழித்து வைத்துவிடுவார்கள். கூரைமேல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, இரு பக்கமும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, கொட்டகையை விட்டு ஓசையில்லாமல் வெளியேறுவார்கள். உள்ளே ஒரு தகரம் விழுந்தாலும் போதும், ஆயிரக்கணக்கான கோழிகள் ஒருசேரப் படபடக்கும். படபடத்த கோழிக்கு மூச்சிரைக்கும். இரைத்த கோழி மாலையில் கூண்டுக் கம்பியின்மேல் கழுத்தை நீட்டிக் கிடக்கும். வெயிலில் அசையாத கோழி பிழைக்கும், அசைந்த கோழி சாகும் என்பது நாமக்கல் சீமையில் பண்ணை வைத்திருப்போர் யாவரும் அறிந்த பாடம்.

புதுச்சத்திரத்திற்கு மேற்கே நான்கு கொட்டகைகள் வைத்திருந்த வெள்ளியங்கிரி அந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளாகப் பிழையின்றிக் கடைப்பிடித்தவர். அவர் செய்த பிழை, அதைத் தம் மனைவிக்கும் பொருத்தியதுதான்.

மனைவி சென்னியம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. கார்த்திகையில் இடது மார்பில் புற்றுநோய் என்று சேலத்து மருத்துவமனையில் கண்டார்கள். மார்கழியில் அறுவை செய்தார்கள். பொங்கல் கழிந்ததும் மூன்று வாரத்திற்கு ஒருமுறை மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மொத்தம் ஆறு முறை ஏற்றவேண்டும் என்றார்கள். முதல் மருந்து ஏறிய ஐந்தாம் நாள் விடியற்காலையில் வீட்டின் பின்புறப் பொடக்காலியிலிருந்த குளியலறைக்குத் தனியே போனவள், வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். கண் செருகிக் கிடந்தவளை முதலில் கண்டவர் வெள்ளியங்கிரி. பேர் சொல்லி நான்கு முறை கூப்பிட்ட பிறகே அவள் விழித்தாள். அந்த நான்கு கூப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தை அவர் அதன் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

மருத்துவர் விதித்திருந்த தடை ஒன்றே ஒன்று. கோழித் தூசு ஆகாது, ஆகவே கொட்டகைப் பக்கம் போகக்கூடாது என்பது. வெள்ளியங்கிரி அதனை வேலியைத் தள்ளிப் போடுவதுபோல் நாளுக்கு நாள் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். முதலில் கொட்டகை, பிறகு முன்வாசல், பிறகு சமையற்கட்டு, கடைசியில் கட்டில். நாளொன்றுக்கு நான்கு கொட்டகைகளையும் இருமுறை சுற்றி முட்டை பொறுக்கிய கால்கள் போர்வைக்குள் அடங்கின. சன்னலில் நனைத்த சாக்கு தொங்கியது. கொட்டகைக்கு வாங்கியிருந்த ஃபாகர் ஒன்றைச் சன்னலுக்கு மேலே பொருத்தி, பகலெல்லாம் புகைபோல் நீர் தூவச் செய்தார். வீட்டில் எல்லாரும் கிசுகிசுத்தே பேசினார்கள். மருமகள் மதுமதி குக்கரின் விசிலுக்கு அஞ்சி அடுப்பையே பொடக்காலிக்கு மாற்றிக்கொண்டாள். மகன் குணசீலன் முட்டை லாரியோடு வாரத்தில் ஐந்து நாள் பாலக்காட்டுப் பக்கம் போய்விடுவான். வீட்டிலிருக்கும் இரண்டு நாளும் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டுப் பூனைபோல் நடந்தான். பார்க்க வந்த ராசிபுரத்து உறவுக்காரி ஒருத்தி, உடம்பை அசைத்தால் நோய் ரத்தத்தோடு ஓடி வேறிடத்தில் போய்க் குந்திக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு வெள்ளியங்கிரிக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மருத்துவமனையில் அக்சிலியா என்று ஒரு பெண் இருந்தாள். அரிசிப்பாளையத்துக்காரி. நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. முதல் மருந்தின்போதே சென்னியம்மாளுக்குச் சில பயிற்சிகளைக் காட்டிக்கொடுத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், இடக்கை விரல்களால் சுவரில் பல்லிபோல் மேலேறுதல், காலையும் மாலையும் சிறிது நடத்தல். ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, செய்த நாளுக்குச் சரிக்குறி இடச் சொல்லியிருந்தாள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்பாள். வெள்ளியங்கிரி, நல்லா நடக்குதுங்க மேடம் என்பார். ஒவ்வொரு மாலையும் மறவாமல் ஒரு சரிக்குறி போட்டார். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு இல்லை. அவர் எண்ணத்தில் அது காவல்.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு முயல், நரி வந்துவிடும் என்று அஞ்சித் தன் வளையின் வாயை மண்ணால் இறுக அடைத்துக்கொண்டது. நரி வரவில்லை. காற்றும் வரவில்லை.

சென்னியம்மாளும் முதலில் மறுக்கவில்லை. விழுந்த நாள் முதல் அவளுக்கே தன் கால்கள்மேல் நம்பிக்கை போயிருந்தது. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல, பகலெல்லாம் அரைத்தூக்கமும் இரவெல்லாம் விழிப்புமாக மாறியது. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து மதுமதி ஊட்டினாலும் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. காரணமின்றி அழுகை வந்தது. சோர்ந்ததால் படுத்தாளா, படுத்ததால் சோர்ந்தாளா என்பது எவருக்கும் விளங்காமல் போயிற்று.

பங்குனி பத்தாம் நாள் நான்காவது மருந்துக்காகச் சேலம் போனபோது, காரிலிருந்து அவளைத் தூக்கித்தான் சக்கர நாற்காலியில் வைத்தார்கள். மருத்துவர் எழுந்து நிற்கச் சொன்னார். அவள் மேசையைப் பற்றி எழ முயன்றாள். முழங்கால்கள் வெடவெடத்தன. மீண்டும் உட்கார்ந்துவிட்டாள். அன்றே எலும்புக்கும் மூளைக்கும் படம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வெளியே காத்திருந்த மூன்று மணி நேரமும் வெள்ளியங்கிரி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாலையில் மருத்துவர் அவரை மட்டும் உள்ளே அழைத்தார். நோய் வேறெங்கும் பரவவில்லை, ரத்தமும் சரியாகவே இருக்கிறது, உடம்பில்தான் வலு இல்லை என்றார். இந்த நிலையில் மருந்தை ஏற்றினால் மருந்தே ஆளைச் சாய்த்துவிடும். பதினைந்து நாள் தவணை தருகிறேன். அதோ அந்தக் கதவிலிருந்து இந்த நாற்காலிவரை அம்மா தாமே நடந்து வந்தால் ஏற்றலாம். இல்லையென்றால் மருத்துவத்தைப் பாதியில் நிறுத்துவதைப் பற்றி நாம் பேசவேண்டியிருக்கும். இவ்வளவையும் அவர் கோபமில்லாமல் சொன்னார். கோபமில்லாததே வெள்ளியங்கிரியை அதிகம் அச்சுறுத்தியது. கதவுக்கும் நாற்காலிக்கும் இடையே தரைக்கற்களை அவர் எண்ணிப் பார்த்தார். பதினோரு கல்.

வெளியே அக்சிலியா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு நாளும் விடுபடாத சரிக்குறிகள். அவள் அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“ஐயா, இந்தத் தாள் நல்லா நடந்திருக்கு. அம்மாதான் நடக்கல.”

வெள்ளியங்கிரி தலைகுனிந்தார். விழுந்த நாளின் கதையைச் சொன்னார். நான்கு முறை கூப்பிட்டதைச் சொன்னார்.

“நோய் இதனால தீந்துரும்னு நான் சொல்ல மாட்டேங்கய்யா. அது மருந்தோட வேலை. ஆனா நடந்தா அலுப்பு குறையும், தூக்கம் வரும், சோறு எறங்கும், மருந்தைத் தாங்கற தெம்பு வரும். நோய் பாதி தின்னுச்சுன்னா, படுக்கை மீதியத் தின்னுட்டு இருக்கு.”

“மறுக்கா உழுந்துட்டா என்னுங்க பண்றது?”

“விழலாம். அதுக்குத்தானே நீங்க பக்கத்துல இருக்கீங்க.”

எழுந்து பத்து எண்ணும்வரை நின்ற பிறகே அடி எடுக்கவேண்டும், காய்ச்சலோ மார்புவலியோ தலைச்சுற்றலோ இருந்தால் அன்று நிறுத்திவிட்டுத் தன்னை அழைக்கவேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லி அனுப்பினாள். இன்னொன்றும் சொன்னாள். நடக்கும்போது அம்மா பேசிக்கொண்டே நடக்கட்டும். பேச முடிகிற அளவுதான் நடை. பேச்சு நின்றால் கால்களும் நிற்கவேண்டும்.

வீடு திரும்பியும் வெள்ளியங்கிரிக்குத் துணிவு வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். கட்டிலருகே போவார், அவள் கணுக்கால்களைப் பார்ப்பார், வெளியே வந்துவிடுவார். இந்தக் கால்களை நம்பி எப்படி நிற்க வைப்பது? நிற்க வைக்காவிட்டால் மருந்து நின்றுபோகுமே? இரண்டு பக்கமும் பள்ளமான வரப்பில் நிற்பவர்போல் மூன்று நாளைக் கழித்தார். பதினைந்தில் பன்னிரண்டு மிஞ்சியது.

நான்காம் நாள் காலையில், கொட்டகை வேலைகளைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவரும் கந்தன், ஒரு கூடையோடு சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். மூன்றாம் கொட்டகையில் ஏழு கோழிகளுக்குக் கால் விழுந்துவிட்டது என்றான். கூண்டுக் கோழிக்கு வருகிற கேடுதான் அது. நாள் தவறாமல் முட்டையிடும் கோழி ஓட்டுக்காகத் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கிறது. நடக்க இடமில்லாத கூண்டில் அந்த எலும்பு மீண்டும் தேறுவதில்லை. ஒருநாள் கால்கள் இரண்டும் துவண்டு, தீவனம் கண்ணெதிரே இருந்தும் எட்டாமல் கிடக்கும்.

வெள்ளியங்கிரி பல்லில் வேப்பங்குச்சியோடு, சிந்தனை எதுவுமில்லாமல், முப்பது ஆண்டுப் பழக்கத்தில் சொன்னார்:

“எறக்கிக் கெணத்து வேம்படில உடு. கிளிஞ்சல எச்சாப் போடு. தண்ணிய மட்டும் தள்ளி வை. நடந்து போய்க் குடிக்கட்டும். ஏழுல அஞ்சு நின்னுக்கும், ரெண்டு போயிரும்.”

கந்தன் போய்விட்டான். சாக்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க. இந்தச் சாக்க எடுங்க.”

அவர் பதறி உள்ளே ஓடினார். சென்னியம்மாள் தலையணையில் சாய்ந்திருந்தாள். முடி உதிர்ந்த தலையில் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. அவளும் அஞ்சியிருந்தாள் என்பது உதட்டில் தெரிந்தது.

“தண்ணியத் தள்ளி வைக்கச் சொன்னீங்களே, எதுக்குங்க?”

“அது கோழி, புள்ள.”

“நான் மட்டும் என்னுங்க? ரெண்டு மாசமாக் கூண்டுலதானுங்க கெடக்கறேன். என்னையும் எறக்கி உடுங்க.”

அவர் சன்னலுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார். பிறகு கட்டிலோரத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் போய், அறையின் மறுகோடியில் சன்னல் விளிம்பில் வைத்தார்.

அன்று அவளால் சொம்புவரை போக முடியவில்லை. மூன்று முறை எழுந்து மூன்று முறையும் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வெள்ளியங்கிரி இரு கைகளையும் விரித்து, பறக்கப்போகும் கோழியை மடக்குகிறவர்போல் குனிந்து நின்றார். மறுநாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான்கடி. அதற்கடுத்த நாள் சொம்பை அடைந்து, தானே எடுத்துக் குடித்தாள். அன்று மாலை நெஞ்சு படபடக்கிறது என்று வெளுத்துப்போய் உட்கார்ந்தாள். மதுமதி அழத் தொடங்கினாள். வெள்ளியங்கிரி சாக்கை நனைத்து மீண்டும் மாட்டக் கிளம்பிவிட்டார். தொலைபேசியில் அக்சிலியா, காய்ச்சல் உண்டா, வலி உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். மருத்துவரிடமும் கேட்டுவிட்டு, ஒருநாள் ஓய்வெடுங்கள், கட்டிலில் உட்கார்ந்தபடியே கால்களை மட்டும் அசையுங்கள், நாளை மறுநாள் பாதித் தூரம் போதும் என்றாள். அந்த ஒருநாளை வெள்ளியங்கிரி ஒரு வருடம்போல் கழித்தார்.

பிறகு மெல்ல மெல்ல நடை கூடியது. விடிந்து வெயில் ஏறுமுன் கூடத்தில் நடந்தாள். பேசிக்கொண்டே நடக்கவேண்டும் என்ற விதி அவளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இரண்டு மாதப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்ததல்லவா? முட்டை அட்டைகளை நனைய விட்டது யார், மூன்றாம் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவது இங்கே கேட்கிறதே, வெளியே இருக்கிறவர்களுக்குக் காதில்லையா என்று அடிக்கொரு குறையாகச் சொல்லிக்கொண்டு போவாள். ஒருநாள் மதுமதியைக் கூப்பிட்டு, “ஏம்மிணி, குக்கர உள்ள கொண்டா. விசில் கேட்டாலாச்சும் பசிக்குதான்னு பாக்கறேன்” என்றாள். அன்று ராகிக் களி ஒரு உருண்டை முழுதும் இறங்கியது. அன்றிரவு தூங்கவும் தூங்கினாள்.

நடைக்கு அவள் ஓர் இலக்கும் வைத்துக்கொண்டாள். கூடத்துச் சன்னலிலிருந்து பார்த்தால் கிணற்றடி வேம்பும், அதன்கீழ்க் கந்தன் வலைகட்டி விட்டிருந்த ஏழு கோழிகளும் தெரியும். அவற்றில் ஒன்றன் கொண்டை இடக்கண்ணை மறைத்து மடிந்திருக்கும். மற்றவை எழுந்து தத்தத் தொடங்கிய பிறகும் அது மட்டும் சிறகை ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் சன்னல்வரை நடந்து, அது தண்ணீரை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பாள். அது இன்னிக்கு ஒரு முழம் வந்துருச்சுங்க என்பாள். வெள்ளியங்கிரியும் அந்தக் கோழியைப் பார்க்கத் தொடங்கினார். அவளைவிட அதிகமாகவே பார்த்தார். அதற்கென்று தனியே மக்காச்சோளத்தை நொறுக்கிப் போட்டார்.

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது, விடியலில் போய்ப் பார்த்தால், அந்தக் கோழி தண்ணீர்த் தட்டுக்கு ஒரு சாண் இப்பால் செத்துக் கிடந்தது.

வெள்ளியங்கிரி வேம்பின் தூரைப் பிடித்துக்கொண்டார். சாணி அள்ள வந்த கந்தனை அழைத்து, உடனே கொட்டகையிலிருந்து அதேபோல் ஒரு கோழியைப் பிடித்துவந்து விடச் சொன்னார். கந்தன் இரண்டு கொட்டகைகளில் தேடிவிட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் கொண்டை வலக்கண் பக்கம் மடிந்திருந்தது.

“நானும் நாலு வாட்டி அந்தப் பக்கம் தள்ளிப் பாத்துட்டனுங்ண்ணா. சொன்ன பேச்சு கேக்காத கொண்டையா இருக்குதுங்க. பசை ஏதாச்சும் இருக்குதுங்களா?”

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்திலிருந்து தெரியாது, போ என்றார்.

சென்னியம்மாள் எழுந்தாள். நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்தாள். சுவரில் விரல்களை ஏற்றி, மதுமதி சுண்ணக்கட்டியால் இட்டிருந்த நேற்றைய கோட்டைத் தாண்டினாள். சன்னலுக்கு நடந்தாள். வெளியே பார்த்தாள். வழக்கமாகச் சொல்வதுபோல் அது எவ்வளவு தூரம் வந்தது என்று சொல்லவில்லை. திரும்பி, முதல் முறையாக வாசற்படியை இறங்கி முன்வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே வந்த வெள்ளியங்கிரிக்கு அவள் பேசாமல் நடப்பது பெரும் அச்சமாக இருந்தது.

“அது வேற கோழிங்க” என்றாள், திரும்பாமலே.

அவர் வேம்படியைத் திரும்பிப் பார்த்தார்.

“முப்பது வருசமாக் கோழி மூஞ்சியத்தானுங்க பாத்துட்டிருக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா? எப்பப் போச்சு?”

“வெடியால.” அதற்குமேல் அடக்க முடியாமல் அவர் வாசலிலேயே குந்திவிட்டார். “ஏழுல அஞ்சு நின்னுக்கும், ரெண்டு போயிரும்னு நாந்தானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீயும் அந்த ரெண்டுல…”

“இருக்கலாமுங்க.”

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். கையை நீட்டி முன்வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

“அஞ்சுல நிப்பனா ரெண்டுல போவனான்னு எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. ராத்திரியெல்லாம் அதே நெனப்புத்தான். ஆனா ரெண்டு போகுதுன்னு ஏழையும் கூண்டுலயே உட்டமுங்களா, என்னைக்காச்சும்? உட்டா ஏழும் போயிருக்குமே. எந்திரிங்க. கெணத்து மேடை வரைக்கும் போலாம்.”

“கோழிகிட்டப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க புள்ள.”

“கோழிகிட்ட யாரு போறா? மேடைக்குத்தான். அதுக்கும் சாக்குக் கட்டீராதீங்க.”

பங்குனி இருபத்தைந்தாம் நாள் மீண்டும் சேலம் போனார்கள். கார் நின்றதும் பணியாள் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சென்னியம்மாள் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. சோற்றுத்தூக்கையும் தண்ணீர்ப் புட்டியையும் மருத்துவக் காகிதங்கள் இருந்த பையையும் அதில் வைக்கச் சொன்னாள். கணவரைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். வழியில் இருந்த இருக்கைகளில் இரண்டு முறை உட்கார்ந்து இளைப்பாறி, மருத்துவர் அறைக் கதவை அடைந்தாள்.

கதவு திறந்தது. உள்ளே மருத்துவரும், சுவரோரமாக அக்சிலியாவும். ஒருவரும் பேசவில்லை. சென்னியம்மாள் முதற் கல்லில் கால் வைத்தாள். இரண்டு, மூன்று. ஆறாம் கல்லில் நின்றுவிட்டாள். இடது முழங்கால் நடுங்குவது சேலைக்கு வெளியே தெரிந்தது. மூச்சு வாங்கியது. பேச்சு இல்லை. பேச்சு நின்றால் கால்களும் நிற்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்களே. இனி உட்கார்ந்துவிடுவாளா? அந்த அறையின் அமைதி வெள்ளியங்கிரிக்கு நண்பகல் கொட்டகையின் அமைதியாகத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் அந்த அமைதியைக் காத்தவர் அவர். இப்போது அவரே அதை உடைத்தார்.

“சென்னி, மூணாங்கொட்டகைக் கொழாயி இன்னும் ஒழுகிட்டுத்தான் கெடக்குது.” குரல் கொட்டகையின் மறுகோடிக்குக் கூப்பிடுவதுபோல் உரத்துக் கேட்டது. “கந்தன் சரி பண்ணிட்டேன்னு பொய் சொல்றான்.”

சென்னியம்மாள் மூச்சை இழுத்தாள். ஒரு கணம் பொறுத்தாள்.

“வாஷர மாத்தாம… துணியச் சுத்தியிருப்பானுங்க,” என்றாள். “அவனுக்கு… எப்பவும் அதே வேலதான்.”

ஏழாம் கல். எட்டு. குழாயைப் பற்றியும் கந்தனைப் பற்றியும் இன்னும் இரண்டு குறைகள். பத்து. பதினொன்று. நாற்காலியின் கையைப் பற்றி, சொல்லிக்கொடுத்தபடியே காலின் பின்புறம் நாற்காலியில் படுவதை உணர்ந்து, மெல்ல உட்கார்ந்தாள்.

மருத்துவர் அவள் நாடியைப் பார்த்தார். மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மருந்துக்கான காகிதத்தில் கையெழுத்திட்டார். பிறகு, கதவருகே சோற்றுத்தூக்கைச் சுமந்து நின்ற சக்கர நாற்காலியைக் கண்டு, அது யாருக்கு என்று கேட்டார்.

“எங்கூட்டுக்காரருக்குங்க,” என்றாள் சென்னியம்மாள். “அவருக்குத்தானுங்க காலு விழுந்துருச்சு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரி கைப்பிடியை இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்தார். வேட்டிக்குக் கீழே அவருடைய இரண்டு முழங்கால்களும், கூண்டிலிருந்து அப்போதுதான் இறக்கிவிட்ட கோழியின் கால்களைப்போல், நிற்கத் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.